ஜெலஸா, என்வியா? ஆங்கில உணர்ச்சிச் சொற்களில் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள்

பதினோரு வருடமாக, வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை நேரத்தில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ஐடி கம்பெனிக்காரர்கள், வெளிநாட்டு வேலைக்குத் தேர்வு எழுதும் நர்ஸுகள், பிள்ளையின் பள்ளிக்கு மெயில் எழுதத் தடுமாறும் அம்மாக்கள் என்று எல்லாரும் வருவார்கள். இலக்கணத்தில் தடுக்கினால் எதிரில் இருப்பவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார். உணர்ச்சிச் சொல்லில் தடுக்கினால் மனத்தாங்கலே வந்துவிடும். அப்படித் தடுக்கியவர்கள் கேட்ட கேள்விகளை, அவர்கள் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறேன். சுலபமானவை முதலில்.

"ஹாப்பி, க்ளாட், ப்ளீஸ்டு எல்லாமே சந்தோஷம்தானே டீச்சர்? ஒண்ணு போதாதா?"

பேச்சுக்கு 'ஹாப்பி' ஒன்றே முக்கால்வாசி போதும். ஆனால் மற்ற இரண்டும் அதன் நகல்கள் என்று நினைக்க வேண்டாம். 'க்ளாட்' ஏதாவது ஒரு செய்தியை ஒட்டியே வரும்: நீங்கள் வந்ததில் க்ளாட், மழை விட்டதில் க்ளாட். கூடவே ஒரு நிம்மதியும் இருக்கும். காரணமே இல்லாமல் காலையில் 'ஹாப்பி'யாக எழுந்திருக்கலாம், 'க்ளாட்' ஆக எழுந்திருக்க முடியாது. 'ப்ளீஸ்டு' என்பது திருப்தி. அதில் மேலிருந்து கீழே பார்க்கும் தொனி கொஞ்சம் உண்டு. மேனேஜர் உங்களிடம் 'ஐ ஆம் ப்ளீஸ்டு வித் யுவர் ஒர்க்' என்றால் பாராட்டு. அதையே நீங்கள் மேனேஜரிடம் சொன்னால், இவன் எப்போது எனக்கு மார்க் போட ஆரம்பித்தான் என்று பார்ப்பார்.

'ஐ ஆம் நாட் ஹாப்பி வித் திஸ் ரிப்போர்ட்' என்று வந்த மெயிலைப் படித்துவிட்டு, "பாவம், சாருக்கு மனசு சரியில்லை போல" என்று ஒரு மாணவர் இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டார். 'ரிப்போர்ட் சரியில்லை, திருத்திக் கொடு' என்பதுதான் அந்த வரிக்கு அர்த்தம். அலுவலக மெயிலில் 'ஹாப்பி'க்குப் பின்னால் 'வித்' வந்தால் மனநிலையைத் தேடாதீர்கள், சம்மதம் உண்டா இல்லையா என்று மட்டும் பாருங்கள். இந்தச் சொல்லின் வேரான 'ஹாப்' என்பதற்கே தற்செயல், அதிர்ஷ்டம் என்றுதான் பொருள். 'ஹாப்பன்', 'பெர்ஹாப்ஸ்' இரண்டும் அதே வீட்டுப் பிள்ளைகள்.

"'எனக்குக் கோபம் வருது'ன்னு அப்படியே இங்கிலீஷ்ல சொன்னா ஏன் சிரிக்கிறாங்க?"

தமிழில் உணர்ச்சி வெளியிலிருந்து வருகிறது. கோபம் வரும், அழுகை வரும், வெட்கம் வரும். தூக்கமும் கொட்டாவியும்கூட வரும். நாம் 'எனக்கு' என்று நான்காம் வேற்றுமையில் ஓரமாக நின்று வாங்கிக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் ஆள்தான் எழுவாய். ஆளே அந்த உணர்ச்சியாகிவிடுகிறார். 'ஐ ஆம் ஆங்க்ரி.' 'ஆங்கர் இஸ் கமிங் டு மீ' என்றால் 'ஆங்கர்' என்று ஒருவர் பஸ் பிடித்து வந்துகொண்டிருப்பது போல அவர்கள் காதில் விழும்.

நம் 'வருது'வுக்குப் பக்கத்தில் வரும் சொல் அவர்களிடம் 'கெட்'. கோபம் வந்தது என்றால் 'ஐ காட் ஆங்க்ரி', பயம் வந்துவிட்டது என்றால் 'ஐ காட் ஸ்கேர்ட்'. இந்த ஒன்றைப் பழகினாலே பேச்சு பாதி இயல்பாகிவிடும்.

"ஐ ஆம் போரிங்னு சொன்னேன். எல்லாரும் ஒரு மாதிரி பார்த்தாங்க. என்ன தப்பு?"

"நான் ஒரு அறுவை" என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள். உங்களுக்குப் போரடித்தால் 'போர்ட்'. போரடிக்க வைப்பது எதுவோ அது 'போரிங்'. 'கன்ஃபியூஸ்டு, கன்ஃபியூஸிங்', 'டயர்ட், டயரிங்' எல்லாம் இதே கணக்கு. இதில் வேறு சூட்சுமம் எதுவும் இல்லை.

"ஃபீல் பண்ணாதே, மூட் அவுட், டென்ஷன், சென்டிமென்ட்... இதெல்லாம் இங்கிலீஷ்தானே? ஏன் அவங்களுக்குப் புரியல?"

ஒலியில் ஆங்கிலம், பொருளில் நம் ஊர்ச் சரக்கு. "ஃபீல் பண்ணாதே" என்றால் நமக்கு 'வருத்தப்படாதே'. அவர்களுக்கு 'டோன்ட் ஃபீல்' பாதியில் நின்ற வாக்கியம். என்ன ஃபீல்? குளிரா, பசியா, அவமானமா? 'மூட் அவுட்' என்பதை 'இன் எ பேட் மூட்' என்றோ 'ஃபீலிங் டவுன்' என்றோ சொல்ல வேண்டும். வேடிக்கை என்னவென்றால், 'ஹி இஸ் இன் எ மூட்' என்று வெறுமனே சொன்னாலே அவர் சிடுசிடுவென்று இருக்கிறார் என்றுதான் பொருள். "நல்ல மூடில் இருக்கிறார்" என்று நினைத்து லீவு கேட்கப் போய்விடாதீர்கள்.

'டென்ஷன்' அவர்களுக்குக் கயிற்றில் இருக்கும், இரண்டு நாடுகளுக்கு நடுவில் இருக்கும், சண்டை போட்ட மாமியார் மருமகள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் இருக்கும். ஆளைச் சொல்ல 'டென்ஸ்' அல்லது 'ஸ்ட்ரெஸ்டு'. நம் 'டென்ஷன் ஆகாதீங்க'வுக்குப் பல நேரம் 'கோபப்படாதீங்க' என்றுதான் அர்த்தம் என்பதால், ஆளைப் பார்த்து 'காம் டவுன்' என்று மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அதைச் சொன்னதாலேயே கோபம் கூடியவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

'சென்டிமென்ட்'தான் இருப்பதிலேயே மோசம். "வெள்ளிக்கிழமை பணம் வெளியே கொடுக்க மாட்டேன், ஒரு சென்டிமென்ட்" என்கிறோம். ஆங்கிலத்தில் அது 'சூப்பர்ஸ்டிஷன்'. அவர்களுடைய 'சென்டிமென்ட்' பொதுவான கருத்து, மனப்போக்கு. பங்குச் சந்தைச் செய்தியில் வரும் 'மார்க்கெட் சென்டிமென்ட்' அதுதான். தாத்தாவின் பழைய கைக்கடிகாரத்தைப் பழைய விலைக்கு விற்க மனசு வரவில்லை என்றால் அதற்கு 'சென்டிமென்டல் வேல்யூ' உண்டு. அந்த இடத்தில் மட்டும் நம் பொருளும் அவர்கள் பொருளும் ஒட்டி நிற்கின்றன.

"ஜெலஸுக்கும் என்விக்கும் அகராதியில ரெண்டுக்குமே பொறாமைன்னுதான் போட்டிருக்கு. அப்ப ஒண்ணுதானே?"

ஆட்களை எண்ணிப் பாருங்கள். 'என்வி'யில் இரண்டு பேர் போதும்: என்னிடம் இல்லாதது, உன்னிடம் இருப்பது. பக்கத்து வீட்டுக்காரர் புது கார் வாங்கினால் என் வயிற்றில் எரிவது 'என்வி'. திருக்குறளின் 17-ஆம் அதிகாரம் 'அழுக்காறாமை' பேசுவது இதைத்தான். 'ஜெலஸி'யில் பெரும்பாலும் மூன்று பேர் வேண்டும்: நான், என்னுடையவர் என்று நான் நினைக்கிறவர், அவரைப் பறித்துவிடுவாரோ என்று நான் பயப்படும் மூன்றாமவர். தம்பி பிறந்ததும் அம்மா மடியை விட்டு இறங்க மாட்டேன் என்கிற மூன்று வயதுக் குழந்தைக்கு வருவது 'ஜெலஸி'. ஒன்று இல்லாததற்கான ஏக்கம், மற்றது இருப்பது போய்விடுமோ என்ற பயம்.

சரி, ஆங்கிலேயர்களே நண்பர் கோவா போன படங்களைப் பார்த்து 'ஐ ஆம் ஸோ ஜெலஸ்!' என்கிறார்களே? ஆமாம், பேச்சில் 'ஜெலஸ்' இரண்டு வேலையும் பார்க்கிறது. விளையாட்டாகச் சொல்லும்போது யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால் 'என்வி'யை மூன்று பேர் கதைக்குப் போட மாட்டார்கள். தன் மனைவியோடு சிரித்துப் பேசுகிறவனைப் பார்த்து ஒருவர் 'என்வியஸ்' ஆனார் என்றால் கதையே மாறிவிடும்.

"அப்ப பைபிள்ல கடவுளே 'ஐ ஆம் எ ஜெலஸ் காட்'னு சொல்றாரே. கடவுளுக்கு யார் மேல பொறாமை?"

யாத்திராகமம் 20-ஆம் அதிகாரம், பத்துக் கட்டளைகள் வரும் இடம். இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், உண்மையாகவே குழம்பிப் போயிருந்தார். மேலே சொன்ன மூன்று பேர் கணக்கை வைத்துப் பாருங்கள். கடவுள், அவருடைய மக்கள், நடுவில் வரும் வேறு தெய்வங்கள். என் மக்களை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார். 'ஜெலஸ்', தீவிரப் பற்றுள்ள என்ற பொருள் தரும் 'ஸெலஸ்', இரண்டும் ஒரே கிரேக்க வேரிலிருந்து வந்தவை. தமிழ் பைபிளை மொழிபெயர்த்தவர்கள் இதில் ஏமாறவில்லை. 'பொறாமை' என்று போடாமல் 'எரிச்சலுள்ள தேவன்' என்று போட்டார்கள்.

"என் வீட்டுக்காரர் என் மேல ரொம்ப பொசஸிவ்னு ஆபீஸ்ல பெருமையா சொன்னேன். ஒரு வெளிநாட்டு மேடம் தனியா கூப்பிட்டு 'ஆர் யூ ஓகே?'ன்னு கேட்டாங்க. ஏன்?"

நம் ஊரில் 'பொசஸிவ்' பாசத்தின் ஒரு அளவுகோலாகிவிட்டது. "அவருக்கு என் மேல உசிரு" என்பதைத்தான் நீங்கள் சொல்ல வந்தீர்கள். ஆங்கிலத்தில் 'பொசஸிவ் ஹஸ்பண்ட்' என்றால் போனைத் திறந்து பார்ப்பவர், யாரிடம் பேசினாய் என்று கேட்டு வாசலில் நிற்பவர். அந்த மேடம் அக்கறையோடுதான் கேட்டிருக்கிறார். நீங்கள் சொல்ல நினைத்தது 'ஹி அடோர்ஸ் மீ'. (அவர் நிஜமாகவே போனைத் திறந்து பார்க்கிறவர் என்றால் 'பொசஸிவ்' சரியான சொல்தான்.)

"ஷை, எம்பாரஸ்ட், அஷேம்ட். மூணுமே வெட்கம்தானே?"

இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் உணர்ச்சிவசப்படுவேன், காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மீட்டிங்குக்குத் தவறான அறைக்குள் போய், பத்து நிமிடம் உட்கார்ந்து குறிப்பெல்லாம் எடுத்துவிட்டு, யாரோ என் பெயர் கேட்டபோதுதான் எழுந்து ஓடினேன். பிறகு என் அதிகாரியிடம் 'ஐ ஆம் ஸோ அஷேம்ட்' என்றேன். அவர் வெளிநாட்டுக்காரர். முகம் மாறி, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, மெதுவான குரலில் 'வாட் டிட் யூ டூ?' என்று கேட்டார். ஏதோ பணத்தைக் கையாடிவிட்டேன் என்று நினைத்திருப்பார்.

'ஷை' சுபாவம். கூச்சம். புதியவர்கள் முன்னால் வாய் திறக்காத பிள்ளை ஷை. அவன் எதுவும் செய்யவில்லை. 'எம்பாரஸ்ட்' ஆக ஏதாவது நடக்க வேண்டும், யாராவது பார்க்க வேண்டும். வேட்டி அவிழ்ந்தது, பேசும்போது வயிறு கடமுடவென்றது, தவறான அறையில் உட்கார்ந்தது. குற்றம் ஒன்றும் இல்லை, ஆனால் முகம் சிவக்கும். 'அஷேம்ட்' என்றால் செய்யக் கூடாததைச் செய்துவிட்டேன் என்று நானே ஒப்புக்கொள்வது. யாரும் பார்க்காவிட்டாலும் அது இருக்கும்.

நம் 'அவமானம்' இந்த மூன்றிலும் சேராது. பத்துப் பேர் முன்னால் ஒருவர் உங்களைத் திட்டினார் என்றால் 'ஐ வாஸ் ஹ்யூமிலியேட்டட்'. அங்கே அதைச் செய்த இன்னொருவர் இருக்கிறார். ஆட்களை எண்ணும் வழக்கத்தை விடாதீர்கள்.

"'வாட் எ ஷேம் யூ குடின்ட் கம்'னு கூட வேலை செய்யறவ மெசேஜ் போட்டா. கல்யாணத்துக்கு வராதது அவ்வளவு பெரிய அவமானமா?"

இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தீர்கள் என்று நினைவு. 'வாட் எ ஷேம்' என்றால் 'அடடா, வர முடியாமப் போச்சே' என்று பொருள், அவ்வளவுதான். 'வாட் எ பிட்டி'யும் அதேதான். ஆனால் 'ஷேம் ஆன் யூ' என்றால் நிஜமான திட்டு. நடுவில் இருக்கும் ஒரு சின்னச் சொல்லில் தலைகீழாகிறது.

இதே ஜாதி இன்னொன்று 'ஐ ஆம் அஃப்ரெய்ட்'. 'ஐ ஆம் அஃப்ரெய்ட் ஹி இஸ் நாட் இன் த ஆபீஸ்' என்று ரிசப்ஷனில் சொன்னால் அந்தப் பெண் பயந்து நடுங்கவில்லை. 'மன்னிக்கணும், அவர் இல்லீங்க' என்று பணிவாகச் சொல்கிறாள்.

"கில்ட், ஷேம் ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? ரெண்டுலயும் தப்பு செஞ்சது நான்தானே?"

தப்பு செய்தது நீங்கள்தான், ஆனால் கண் எங்கே பார்க்கிறது என்பதில் வித்தியாசம். 'கில்ட்' செய்த காரியத்தைப் பார்க்கிறது: "நான் பொய் சொன்னேன்". 'ஷேம்' ஆளையே பார்க்கிறது: "நான் பொய்யன்". அமெரிக்க உளவியலாளர் ஹெலன் பிளாக் லூயிஸ் 1971-இல் இப்படிப் பிரித்துக் காட்டிய பிறகு அந்தத் துறையில் இது நிலைத்துவிட்டது. கில்ட் வந்தவர் மன்னிப்புக் கேட்க ஆளைத் தேடிப் போவார். ஷேம் வந்தவர் ஆளைப் பார்த்தால் அடுத்த தெருவில் திரும்பிவிடுவார். அம்மாவுக்குப் போன் பண்ண மறந்ததற்கு வருவது கில்ட். பெரும்பாலும் ஒரு போனில் தீர்ந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. கோர்ட்டில் 'கில்ட்டி' என்றால் அது உணர்ச்சியே கிடையாது, தீர்ப்பு. 'கில்ட்டி' என்று தீர்ப்பான ஒருவர் கொஞ்சமும் 'ஃபீலிங் கில்ட்டி' இல்லாமல் டீ குடித்துக்கொண்டிருக்கலாம்.

"தப்பே பண்ணாதப்ப நான் எதுக்கு 'சாரி' சொல்லணும்? சாவு வீட்டுக்கும் சாரியாம், கால் மிதிச்சாலும் சாரியாம்."

'சாரி' மன்னிப்பாகப் பிறந்த சொல் இல்லை. பழைய ஆங்கிலத்தில் வலி, புண் என்ற சொல்லிலிருந்து வந்தது. 'சோர் த்ரோட்' என்பதில் வரும் 'சோர்' அதன் உறவு. பார்த்தால் 'சாரோ' என்ற சொல்லின் தம்பி போலத் தெரியும், ஆனால் பிறப்பு வேறு. அதனால் 'ஐ ஆம் சாரி ஃபார் யுவர் லாஸ்' என்றால் 'உங்கள் இழப்பு எனக்கும் வலிக்கிறது' என்பதுதான். மன்னிப்புக்கும் அதே சொல் வந்து சேர்ந்துவிட்டது.

தமிழில் நமக்கு 'வருத்தம்' இருக்கிறது, அதுவும் இதே மாதிரி எல்லா வேலையும் பார்க்கும் சொல். "கேள்விப்பட்டு வருத்தமா இருந்தது", "அன்னிக்கு அப்படிப் பேசினதுக்கு வருத்தப்படறேன்", "என் மேல வருத்தமா?" மூன்றும் மூன்று. முதலாவது 'சாரி' அல்லது 'சேட்'. இரண்டாவது 'ரிக்ரெட்'. மூன்றாவது 'ஆர் யூ அப்செட் வித் மீ?' அதை 'ஆர் யூ சேட் ஆன் மீ?' என்று எழுதிய மெயில்கள் என்னிடம் ஒரு கட்டு இருக்கின்றன.

'ரிக்ரெட்'டில் குற்றம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இன்ஜினியரிங் படிக்காமல் விட்டதற்கு ரிக்ரெட் படலாம், அது யாருக்கும் செய்த தீங்கு கிடையாது. 'ரிமோர்ஸ்' அப்படியில்லை, இன்னொருவருக்குத் தீங்கு செய்திருந்தால்தான் அது வரும். லத்தீனில் அதன் பொருள் 'மறுபடி கடிப்பது'. மனசாட்சி உறுத்துகிறது என்கிறோமே, அங்கே பல் இருக்கிறது. 'வீ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ' என்று கம்பெனிக் கடிதம் வந்தால் மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேலை இல்லை என்பதை மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து சொல்லும் மரியாதை அது.

"மேனேஜரோட அம்மா இறந்துட்டாங்க. 'ஐ பிட்டி யூ'ன்னு எழுதினேன். பதிலே வரல. பரிதாபம்னா பிட்டிதானே?"

பரிதாபம் பிட்டிதான். சிக்கலே அங்கேதான். நம் 'பாவம்' போல 'பிட்டி'யும் தூரத்தில், கொஞ்சம் உயரத்தில் நின்று பார்ப்பது. அதுவும் 'ஐ பிட்டி யூ' என்று முகத்துக்கு நேரே சொன்னால் "உன் நிலைமையைப் பார்த்தால் எனக்கே கேவலமா இருக்கு" என்ற அளவுக்குப் போகும். சண்டையில் சொல்லும் வசனம் அது. 'பயட்டி' என்ற பக்தியைக் குறிக்கும் சொல்லும் 'பிட்டி'யும் ஒரே லத்தீன் சொல்லிலிருந்து பிரிந்தவை என்றாலும், பக்தியெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. நீங்கள் எழுதியிருக்க வேண்டியது, போன பதிலில் சொன்ன 'ஐ ஆம் வெரி சாரி ஃபார் யுவர் லாஸ்'. அதோடு நிறுத்திவிடலாம்.

"அப்ப சிம்பதி, எம்பதி? நர்ஸிங் தேர்வுல எம்பதி காட்டணும்னு சொல்றாங்க. சிம்பதி காட்டினா மார்க் போயிடுமா?"

மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடியின் பேச்சுப் பகுதியில் நோயாளியின் மனநிலைக்கு 'எம்பதி' காட்டுகிறீர்களா என்று நிஜமாகவே பார்க்கிறார்கள். 'சிம்பதி' கரையில் நின்று "ஐயோ" என்பது, 'எம்பதி' அவர் நிற்கும் இடத்திலிருந்து பார்ப்பது. நோயாளி "நாளைக்கு ஆபரேஷன், பயமா இருக்கு" என்கிறார். 'ஓ, ஐ ஆம் சாரி' என்பது சிம்பதி. 'யூ'வ் நெவர் பீன் அண்டர் அனஸ்தீசியா பிஃபோர். இஸ் இட் த நாட் வேக்கிங் அப் தட் வொர்ரீஸ் யூ?' (இதுக்கு முன்னால மயக்க மருந்து கொடுத்ததில்லையே, கண் முழிக்காமப் போயிடுவோமோன்னு பயமா?) என்பது எம்பதி. அவர் பயத்தின் உள்ளே எது இருக்கிறது என்று தேடிப் போகிறது. பயிற்சியின்போது என் மாணவிகள் 'ஐ அண்டர்ஸ்டாண்ட் யுவர் ஃபீலிங்ஸ்' என்று மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். அது இரண்டிலும் சேராது.

இந்தச் சொல்லுக்கு வயது கொஞ்சம்தான். 1909-இல் எட்வர்ட் டிட்ச்னர் என்ற உளவியலாளர் ஜெர்மன் மொழியின் 'ஐன்ஃபூலுங்' என்ற சொல்லை ஆங்கிலமாக்கச் செய்தது. அந்த ஜெர்மன் சொல்லைச் சித்திரம், சிற்பம் பார்க்கும்போது நாம் அதற்குள் புகுந்து உணர்வதற்குத்தான் அதிகம் பயன்படுத்தினார்கள். சிலைக்காக வந்த சொல் நோயாளியிடம் வந்து சேர்ந்தது.

"அனாய்டு, இரிட்டேட்டட், ஃப்ரஸ்ட்ரேட்டட், ஆங்க்ரி, ஃப்யூரியஸ். இது ஒரு ஏணிதானே, கோபம் ஏற ஏற?"

'அனாய்டு' கீழ்ப்படி, 'ஃப்யூரியஸ்' மேல்படி என்பது சரி. ஆனால் 'ஃப்ரஸ்ட்ரேட்டட்' ஏணியிலேயே இல்லை. முயற்சி செய்து செய்து முட்டிக்கொண்டு நிற்பது அது. பேங்க் ஆப்பில் நான்காவது தடவையாக ஓடிபி வராமல் சுற்றிக்கொண்டே இருக்கும்போது வருவது 'ஃப்ரஸ்ட்ரேஷன்'. யார் மேலும் கோபப்பட வேண்டிய அவசியம் இல்லை. இதற்குத் தமிழில் 'விரக்தி' என்று போடுகிறார்கள், எனக்குச் சம்மதம் இல்லை. விரக்தியில் ஆள் முயற்சியை விட்டுவிடுவார், ஃப்ரஸ்ட்ரேஷனில் ஐந்தாவது தடவையும் பட்டனை அழுத்துவார்.

'அப்செட்' வேறு வகை. கவிழ்ப்பது என்பது அதன் பழைய பொருள், படகு அப்செட் ஆகும். வருத்தமா, கோபமா, மனம் புண்பட்டதா என்று பிரித்துச் சொல்லப் பிடிக்காதபோது இதைச் சொல்வார்கள். அதனால் 'ஷி இஸ் அப்செட்' என்று கேட்டால் எந்த வகை என்பதை நீங்கள்தான் போய்க் கண்டுபிடிக்க வேண்டும். இன்னொன்று, அமெரிக்காவில் 'மேட்' என்றால் கோபம். பிரிட்டனில் பெரும்பாலும் பைத்தியம்.

"புரோகிராம் கேன்சல் ஆனதால ஏமாந்துட்டோம்னு 'வீ வேர் சீட்டட்'னு கம்ப்ளெயின்ட் எழுதினேன். அவங்க வக்கீல் மூலமா பதில் அனுப்பிட்டாங்க!"

தமிழில் 'ஏமாற்றம்' எதிர்பார்த்தது கிடைக்காதது, 'ஏமாற்றுதல்' மோசடி. 'ஏமாந்துட்டேன்' என்ற ஒரு சொல்லில் இரண்டும் கலந்துவிடுகின்றன. 'சீட்டட்' என்றால் மோசடிப் புகார்தான். நீங்கள் சொல்ல வந்தது 'டிசப்பாயிண்டட்'.

இந்தச் சொல் மென்மையானது என்று நினைத்துவிடாதீர்கள். 'டிசப்பாயிண்டட் வித் த சர்வீஸ்' சாதாரணம். 'ஐ ஆம் டிசப்பாயிண்டட் இன் யூ' என்றால் உங்கள் மேலே வைத்திருந்த மதிப்பு இறங்கிவிட்டது என்று பொருள். அங்கே அப்பாக்கள் 'ஐ ஆம் நாட் ஆங்க்ரி, ஐ ஆம் டிசப்பாயிண்டட்' என்பார்கள். நம் ஊர் அப்பா கத்தாமல், சாப்பிடாமல் கை கழுவிவிட்டு எழுந்து போவாரே, அந்த எடை அதற்கு.

"ஆங்க்ஷஸ் டு மீட் யூன்னு எழுதலாமா? இன்னொண்ணு டீச்சர், இங்க வேலியில 'ஷீப் வொர்ரியிங்'னு போர்டு இருக்கு. ஆட்டுக்கு என்ன கவலை?"

இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்குப் போன மாணவி போர்டைப் படம் பிடித்து அனுப்பிக் கேட்டது. முதல் பாதிக்குப் பதில்: எழுதலாம், தப்பில்லை, ஆனால் 'ஈகர்' நல்லது. 'ஈகர்' என்றால் ஆசையோடு காத்திருப்பது. 'ஆங்க்ஷஸ்' என்றால் அதில் ஒரு படபடப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். அதன் வேருக்கே இறுக்குவது, நெரிப்பது என்று பொருள். 'நர்வஸ்' மேடை ஏறும் முன் வரும், இறங்கியதும் போகும். 'வொர்ரி' எண்ணத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். டாக்டர் சொல்லும் 'ஆங்ஸைட்டி' இதெல்லாவற்றையும் தாண்டிய ஒரு நோயின் பெயர். கிரிக்கெட்டில் தோற்றதற்கு "டிப்ரெஷன்ல இருக்கேன்" என்கிறோமே, அதுவும் அப்படித்தான். நிஜமாகவே அந்த நோய் உள்ளவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

இப்போது ஆடு. 'வொர்ரி' பழைய ஆங்கிலத்தில் கழுத்தை நெரிப்பது. பிறகு நாய் ஆட்டின் கழுத்தைக் கவ்விக் குதறுவதற்கு வந்தது, அதன் பிறகுதான் கவலைக்கு. ஆட்டு விஷயத்தில் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. பிரிட்டனில் கால்நடையை நாய் துரத்திக் கடிப்பதற்கு எதிரான 1953-ஆம் வருடச் சட்டமே இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறது. போர்டு சொல்வது, நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போ என்று.

"தனியா ரூம்ல இருக்கேன். நான் அலோனா, லோன்லியா, ஹோம்ஸிக்கா, நாஸ்டால்ஜிக்கா?"

'அலோன்' எண்ணிக்கை. ரூமில் ஒருவர்தான் என்றால் அலோன், அதில் சோகம் எதுவும் வேண்டியதில்லை. 'லோன்லி'யாக இருக்க ரூமில் தனியாக இருக்க வேண்டும் என்பதில்லை, கல்யாண மண்டபத்திலும் இருக்கலாம். ஊருக்கு டிக்கெட் போட்டால் சரியாகிவிடும் என்றால் 'ஹோம்ஸிக்'. டிக்கெட் போட முடியாத இடத்துக்கு ஏங்கினால், அதாவது பள்ளிக்கூட நாட்களுக்கு, பாட்டி இருந்த வீட்டுக்கு ஏங்கினால், அது 'நாஸ்டால்ஜியா'.

ஆனால் அந்தச் சொல் பிறந்தபோது ஹோம்ஸிக்காகத்தான் பிறந்தது. 1688-இல் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற சுவிஸ் மருத்துவ மாணவர், ஊரை விட்டு வந்து வாடுகிறவர்களின் நோய்க்குப் பெயர் வேண்டும் என்று, வீடு திரும்புதல், வலி என்ற இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்தார். அந்நிய நாட்டுப் படைகளில் வேலை பார்த்த சுவிஸ் சிப்பாய்களுக்கு வரும் வியாதி என்றே பல காலம் இருந்தது. இடத்துக்கான ஏக்கம் காலத்துக்கான ஏக்கமாக மாறியது பின்னால் வந்தது.

"எல்லாம் அவங்க பிரிச்சு வச்சிருக்கறதையே சொல்றீங்க. நம்மகிட்ட இருந்து அவங்ககிட்ட இல்லாதது எதுவும் இல்லையா?"

ஏன் இல்லை? 'ஊடல்' இருக்கிறதே. திருக்குறளின் கடைசி மூன்று அதிகாரங்களும் புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை என்று அதைப் பற்றித்தான். வள்ளுவர் 1330 குறளையும் முடித்ததே ஊடலில் வரும் இன்பத்தில். இதை 'ஆங்க்ரி' என்றால் தப்பு. 'ஸல்கிங்' என்றால் குழந்தை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது. 'அப்செட்' என்றால் மேலே சொன்ன மாதிரி எந்த வகை என்றே தெரியாது. சமாதானம் பண்ண வருவார் என்று தெரிந்தே படும் கோபம், உரிமை இருக்கிற இடத்தில் மட்டும் வரும் கோபம் என்று இரண்டு வரியில் விளக்கித்தான் சொல்ல வேண்டும்.

வகுப்பில் ஒருவர் இதை முயன்று பார்த்தார். மனைவி காலையிலிருந்து பேசவில்லை, டிபன் மட்டும் மேசையில் மூடி வைத்திருக்கிறது. டீம் லீடர் ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்க, 'மை வைஃப் அண்ட் ஐ ஆர் நாட் ஸ்பீக்கிங்' என்றாராம். உடனே அவருக்கு இரண்டு நாள் லீவும், குடும்ப ஆலோசகரின் நம்பரும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். லீவை எடுத்துக்கொண்டார்.